மாமாவின் யூனிட் கணக்கு

கணக்கு எழுதிப் பழகியவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. இரண்டு பக்கமும் நேர்படாவிட்டால் அன்றைக்குத் தூக்கம் கிடையாது. திண்டுக்கல்லில் ஒரு நூற்பாலையில் வேலைக்காலம் முழுக்கக் கணக்குப் பார்த்த என் தாய்மாமா, ஓய்வுபெற்ற பிறகு அந்த வியாதியையும் கையோடு மலைக்குக் கொண்டுபோய்விட்டார். மார்கழியில் ஒரு நாள் போனில் கூப்பிட்டவர், நலம்கூட விசாரிக்காமல், "மாப்ள, களத்துப் பக்கம் களவு போகுதுடா" என்றார். காப்பிக்கொட்டையைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது கரண்டை.

வத்தலக்குண்டிலிருந்து பட்டிவீரன்பட்டி வழியாகத் தாண்டிக்குடிக்கு ஏறும் சாலையில் போனவர்களுக்கு அந்த இடத்தைப் புரியவைப்பது சுலபம். ஊரைத் தாண்டி ஜீப் மட்டும் போகிற மண்பாதை. பாதி வழியிலேயே மின்வாரியத்தின் கடைசிக் கம்பம் நின்றுவிடும். அதற்கு மேல் கம்பி இழுக்கக் காட்டிலாகா நிலத்தைக் கடக்கவேண்டும். மாமாவின் வீடு அந்தக் கம்பத்துக்கும் மேலே. தகரக் கூரை போட்ட இரண்டு அறை, ஒரு திண்ணை, வீட்டுக்குத் தெற்கே காப்பி காயவைக்கும் சிமெண்டுக் களம், சுற்றிலும் சில்வர் ஓக், பலா, ஆரஞ்சு, மரத்துக்கு மரம் மிளகுக்கொடி. மரங்களில் முக்கால்வாசி காப்பிக்கு நிழல் கொடுப்பதற்கென்றே நட்டு வளர்த்தவை. எந்த மாதம் எந்தக் கிளையைக் கழிப்பது, எவ்வளவு வெயிலை உள்ளே விடுவது என்பதில்தான் காப்பித் தோட்டக்காரனின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. நிழலைப் பார்த்துப் பார்த்து வளர்த்த அந்த இடத்தில்தான் சோலார் பேனலைக் கொண்டுபோய் வைத்தார்கள்.

முதலில் வாங்கிய மூன்று பேனல்கள் கூரைமேல் இருந்தன. கூரை கிழக்கே சரிந்திருந்ததால் அவையும் கிழக்கே பார்த்துப் படுத்திருந்தன. ஒவ்வொன்றும் 335 வாட். மூன்றையும் தொடராக இணைத்து ஒரு சார்ஜ் கன்ட்ரோலருக்குக் கொடுத்திருந்தார்கள். குளிர்பெட்டி வந்த பிறகு அது பற்றவில்லை என்று, ஒரு பங்குனியில் அதே கம்பெனியின் அதே வாட் பேனல்கள் மூன்று வாங்கி, களத்தின் தென்மேற்கு மூலையில் இரும்பு ஸ்டாண்ட் அடித்துத் தெற்கே பார்த்து நிறுத்தினார்கள். அதற்குத் தனியாக இன்னொரு கன்ட்ரோலர். இரண்டும் போய்ச் சேருவது ஒரே பேட்டரி வரிசையில்: 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரி நான்கு, 24 வோல்ட்டாக. நான்காவது பேனலையும் தொடரில் சேர்த்திருக்கலாமே என்று சிலர் கேட்டார்களாம். கன்ட்ரோலர் தாங்குவது 150 வோல்ட். மூன்று பேனலே சுமையில்லாதபோது 138 வோல்ட்டைத் தொடும். குளிர்ந்தால் பேனலின் வோல்ட் இன்னும் ஏறும், டிகிரிக்கு நூற்றில் 0.3 பங்கு. தை மாதத்து விடியலில் அந்த மலையில் நான்காவதை மாட்டியிருந்தால் கன்ட்ரோலர் புகைந்திருக்கும். பொருத்தியவர்கள் அந்த மட்டில் சரியாகவே செய்திருந்தார்கள்.

நான் போய் இறங்கியதும் மாமா நோட்டைப் பிரித்தார். நீளமான பழைய லெட்ஜர். இடப்பக்கம் கூரை, வலப்பக்கம் களம். ஒவ்வொரு நாளும் இருட்டியதும் இரண்டு கன்ட்ரோலரும் காட்டும் யூனிட்டை எழுதி, வித்தியாசத்தைச் சிவப்பு மையில் குறித்திருந்தார். கோடையில் கூரை இரண்டு யூனிட் தந்தால் களம் ஒன்றேகால். கார்த்திகை பிறந்த பிறகு கூரை இரண்டரை, களம் முக்காலோ அதற்கும் கீழேயோ. முந்தின வருடமும் இதே கதைதான். புகார் சொன்னது தையில். விற்ற கடையிலிருந்து ஆள் வந்தது சித்திரையில். வந்தவர் இரண்டு பக்கமும் வயரைக் கழற்றி வோல்ட் பார்த்தார். இரண்டும் ஏறக்குறைய ஒன்று. "பேனல் நல்லா இருக்குங்க" என்று காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

"ஆளைக் கண்டா நடிக்குது மாப்ள. டூப்ளிகேட் மாலைத் தள்ளிட்டாங்க" என்றார் மாமா.

"ஒரு வேளை இங்க வெயிலே கம்மியோ என்னவோ மாமா."

"சூரியனையே ஆராய்ச்சி பண்ற மலைடா இது! இங்கயா வெயிலுக்குப் பஞ்சம்?"

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தைத்தான் சொன்னார். 1899-இல் தொடங்கியது. சூரியப்புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை எவர்ஷெட் 1909-இல் கண்டுபிடித்தது அங்கேதான். மாமாவுக்கு இந்த மாதிரி விவரங்கள் விரல்நுனியில் இருக்கும். சண்டைக்கு உதவும் என்று சேர்த்து வைத்திருப்பார்.

மதியம் பன்னிரண்டு மணிக்கு இரண்டு கன்ட்ரோலரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கூரை 9 ஆம்பியர், களம் 2 ஆம்பியர். "பாத்தியா?" என்றார். நான் பார்த்தது பேட்டரி வோல்ட்டை. 28.8-ஐத் தாண்டி நின்றது. அத்தையைக் கூப்பிட்டு இஸ்திரிப் பெட்டி இருக்கிறதா என்று கேட்டேன். அத்தை மாமாவைப் பார்த்தார். அந்த வீட்டில் இஸ்திரிப் பெட்டிக்குத் தடை. பேட்டரி இறங்கிவிடும் என்று மாமா பரணில் ஏற்றி வைத்திருந்தார். இறக்கி மாட்டச் சொன்னேன். கிணற்று மோட்டாரையும் போடச் சொன்னேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கூரை 26-க்கு ஏறியது, களம் 20-க்கு ஏறியது. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

தொட்டி நிறைந்தபிறகு குழாயில் தண்ணீர் ஏன் சொட்டுகிறது என்று யாரும் சண்டைக்குப் போவதில்லை. பேட்டரி விஷயத்தில் மட்டும் போகிறோம். பேட்டரி நிறைய நிறைய கன்ட்ரோலர் பேனலின் வாயைக் கட்டும். அந்த வீட்டின் செலவு ஒரு நாளைக்கு மூன்று யூனிட்தான். பதினோரு மணிக்கே பேட்டரி நிறைந்துவிடும். அதற்குப் பிறகு பேனல் என்ன தருகிறது என்பது பேனலைப் பொறுத்ததில்லை, வீட்டில் யார் என்ன கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டு கன்ட்ரோலர் இருந்தால் இன்னொரு சிக்கலும் வரும். இரண்டும் ஒரே நொடியில் போதும் என்று சொல்லாது. எது முதலில் போதும் என்கிறதோ அது ஒதுங்கிவிடும், மற்றது மீதியைத் தூக்கிக்கொண்டு ஓடும்.

களத்துக் கன்ட்ரோலர் ஏன் முதலில் ஒதுங்கியது என்பதற்குக் காரணம் தேடவேண்டியிருக்கவில்லை. பட்டனை அழுத்தி உள்ளே போனால் பேட்டரி வகை என்ற இடத்தில் தொழிற்சாலையில் வைத்த 'சீல்டு' அப்படியே இருந்தது, அது 28.8 வோல்ட்டில் நின்றுவிடும். கூரைக் கன்ட்ரோலரில் தண்ணீர் ஊற்றும் பேட்டரிக்கு உரிய 29.2. போதாததற்குக் களத்துக் கன்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்கு மெல்லிசான வயர். 20 ஆம்பியர் போகும்போது அந்த வயரிலேயே ஏறக்குறைய அரை வோல்ட் விழுந்தது. ஆகவே பேட்டரியில் 28.4 இருக்கும்போதே அந்தக் கன்ட்ரோலர் தன் முனையில் 28.8-ஐப் பார்த்து, வேலை முடிந்தது என்று நம்பிவிடும். செட்டிங்கை மாற்றினேன். வயரைத் தடிமனாக மாற்ற வத்தலக்குண்டிலிருந்து சாமான் வரவேண்டியிருந்தது.

மாமாவின் முகத்தில் பாதித் தெளிவு. ஆனால் அவர் லேசுப்பட்டவர் இல்லை. "சரி, ரெண்டும் பசியோட இருக்கறப்பகூட இது 26, அது 20. அந்த ஆறு எங்க போச்சு?" என்றார்.

ஆறு என்று அவர் சொன்னது குறைவு. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து கிடக்கிறது. தெற்கே பார்த்த பேனல்தான் அப்போது மதியத்தில் முந்தவேண்டும், கிழக்கே பார்த்தது பிந்தவேண்டும். மேலும் கூரைப் பேனல்கள் தகரத்தை ஒட்டிக் கிடந்து வேகின்றன. சூடேறினால் இந்தப் பேனல்களில் டிகிரிக்கு நூற்றில் 0.4 பங்கு போகும். வெயில் சுள்ளென்று அடித்தால் நிறையக் கரண்டு வரும் என்று பலரும் நம்புகிறார்கள். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், வேண்டாதது வெக்கை. களத்துப் பேனல்களுக்கு அடியில் மலைக்காற்று தாராளமாகப் போய்வந்தது. நியாயப்படி அது 30-ஐத் தொட்டிருக்கவேண்டும்.

இந்த மாதிரி நேரத்தில் நான் முதலில் செய்வது இடம் மாற்றிப் பார்ப்பது. கூரை வயரைக் களத்துக் கன்ட்ரோலருக்கும், களத்து வயரைக் கூரைக் கன்ட்ரோலருக்கும் மாட்டினால், குறை பேனலோடு போகிறதா கன்ட்ரோலரோடு தங்குகிறதா என்று தெரிந்துவிடும். மாட்டுவதற்கு முன்னால் டிசி சுவிட்சை இறக்கவேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே பேனல் கனெக்டரைப் பிடுங்கினால் அந்த இடைவெளியில் தீப்பொறி பாலம் கட்டி நிற்கும். வீட்டுக்கு வரும் ஏசி கரண்டு நொடிக்கு நூறு தடவை சுழியைத் தொடுவதால் பொறி தானாக அணையும். டிசி ஒரு தடவையும் தொடாது. பிளாஸ்டிக் உருகி விரலில் ஒட்டிய ஆட்களை எனக்குத் தெரியும். தோட்டத்தில் வேலை பார்த்த பையன் ஆர்வமாகக் கனெக்டரில் கைவைக்க வந்தான், சத்தம் போட்டு நிறுத்தினேன்.

மாற்றி மாட்டியபோது குறை பேனலோடு போனது. கன்ட்ரோலர் இரண்டும் யோக்கியம். அதைவிட முக்கியமாக ஒன்று கண்ணில் பட்டது. சுமை இருக்கும்போது கூரை வரிசையின் வோல்ட் நூறை ஒட்டி இருந்தது. களத்து வரிசையின் வோல்ட் 68. பேனல் பக்கத்து ஆம்பியரில் குறை இல்லை. ஆம்பியர் பார்க்கும்போது ஒன்று: எலக்ட்ரீசியன்கள் கையில் இருக்கும் சாதாரண டாங் டெஸ்டர் ஏசியை மட்டும்தான் காட்டும், பேனல் வயரில் மாட்டினால் பூச்சியம் சொல்லும். அதை நம்பிப் பேனல் செத்துவிட்டது என்று எழுதிக்கொடுத்தவர்கள் உண்டு. டிசியையும் அளக்கும் கிளாம்ப் மீட்டர் வேண்டும். ஆம்பியர் முழுசாக இருந்து வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு இல்லை என்றால், மூன்று பேனலில் ஒன்று வேலைக்கு வரவில்லை என்று பொருள். ஆனால் சித்திரையில் வந்த ஆள் மீட்டர் வைத்தபோதும் சரி, நான் அன்றைக்கு வைத்தபோதும் சரி, சுமையில்லாமல் பார்த்தால் மூன்றும் சேர்ந்து முழு வோல்ட் காட்டுகின்றன. இழுக்காதபோது எல்லாப் பேனலும் நல்ல பேனல்தான்.

கனெக்டர்களைத் தடவிப் பார்த்துக்கொண்டே போனேன். ஒன்று மற்றவற்றைவிடச் சூடாக இருந்தது. இரண்டு வேறு வேறு கம்பெனி முனைகளைச் சேர்த்து அழுத்தியிருந்தார்கள். அதை வெட்டி ஒரே ஜோடியாகப் போட்டேன். வேண்டிய வேலைதான், ஆனால் மீட்டர் அசையவில்லை.

பிறகு பையனிடம் காப்பிச் சாக்கு ஒன்று கேட்டேன். முதல் பேனலை மூடச் சொன்னேன். திண்ணையில் நின்ற மாமா கன்ட்ரோலரைப் பார்த்து, "இறங்குது, பாதிக்கு வந்துருச்சு!" என்று கத்தினார். எடுத்துவிட்டு இரண்டாவதை மூடினான். "இதுக்கும் இறங்குது!" மூன்றாவதை மூடினான். சத்தமே இல்லை. "மூடிட்டியாடா?" என்று கேட்டார். மூடியாயிற்று என்றான். "அசையவே இல்லையேடா!"

பட்டப்பகலில் சாக்கைப் போட்டு மூடினாலும் மூடாவிட்டாலும் ஒன்றாக இருக்கிற பேனல். மாமாவுக்கு ஒரே குஷி. அதுதான் டூப்ளிகேட் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதற்குள் அத்தை திண்ணையிலிருந்து இறங்கி வந்து, சாக்கு கிடந்த இடத்தைப் பார்த்துவிட்டு, சர்வசாதாரணமாகச் சொன்னார்: "அந்த மூலைல மார்கழி தைல வெயில் விழாதே. செர்ரி காயப்போட்டா பூசணம் பிடிக்கும். அதனாலதான ஸ்டாண்டுக்கு அந்த எடத்தக் காமிச்சேன்."

பழத்தோடு காயவைக்கும் காப்பி இரண்டு வாரம் போல வெயிலில் கிடக்கவேண்டும். பொழுதுக்கும் அதைக் கிளறிவிடுபவர் அத்தை. எந்த மூலையில் எத்தனை மணிக்கு நிழல் விழும் என்பது அவருக்குத் தெரிந்த மாதிரி அந்தத் தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. ஸ்டாண்ட் அடித்தவர்கள் வந்தது பங்குனியில், சூரியன் உச்சிக்கு ஏறிவரும் சமயம். மூலை தகதகவென்று இருந்திருக்கும். காப்பி காயாத இடத்தைப் பேனலுக்கு ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள், யாரும் ஏன் காயாது என்று கேட்கவில்லை.

வீட்டிலிருந்தும் களத்திலிருந்தும் பார்த்தால் ஸ்டாண்டின் முதுகுதான் தெரியும். கைச்சுவரைத் தாண்டி முன்பக்கம் போய்ப் பார்த்தேன். கவாத்து பண்ணாத பழைய அராபிகாச் செடி ஒன்று ஆள் உயரத்துக்கும் மேலே வளர்ந்து, சிவந்த பழத்தோடு கிளைகளை விரித்து நின்றது. அதன் நிழல் மூன்றாவது பேனலின் அடிவிளிம்பில் மட்டும் ஓர் ஆறங்குலம் படிந்திருந்தது. பேனலின் பரப்பில் பத்தில் ஒரு பங்குகூட வராது. மாமா நம்பவில்லை. "பத்துல ஒரு பங்கு நெழல்னா பத்துல ஒரு பங்குதான மாப்ள கொறையணும்?" அவர் கணக்கு அப்படித்தான் வரும்.

பேனல் அந்தக் கணக்கில் ஓடுவதில்லை. அதற்குள் 72 செல்கள், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில். ஒரு செல் நிழலில் சிக்கினால் அதன் வழியாகப் போகவேண்டிய கரண்டு அத்தனையும் அங்கே முட்டிக்கொண்டு நிற்கும், செல் சூடாகிக் கருகும். அதற்காகவே 24 செல்லுக்கு ஒன்றாகப் பின்பக்கப் பெட்டியில் மூன்று டயோடு வைத்திருக்கிறார்கள். எந்த 24-இல் நிழல் விழுகிறதோ அந்த 24-ஐயும் சுற்றிக்கொண்டு கரண்டு போய்விடும். இந்த மூன்று பிரிவுகளும் பேனலின் நீளவாக்கில் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. நெட்டாக நிறுத்திய பேனலின் அடிவிளிம்பில் ஒரே ஒரு வரிசைச் செல் மறைந்தாலும் மூன்று பிரிவும் ஒரேயடியாக அடிபடும். படுக்கையாக வைத்திருந்தால் ஒரு பிரிவுதான் போயிருக்கும். மூன்று பிரிவும் ஒதுங்கியதும், கன்ட்ரோலர் இரண்டு பேனலின் வோல்ட்டுக்கு இறங்கி அங்கேயே லாபம் என்று உட்கார்ந்துவிட்டது. சித்திரையில் சூரியன் தலைக்கு மேல். செடியின் நிழல் செடியின் காலடியிலேயே சுருண்டிருக்கும். கடைக்காரரின் ஆள் கண்ணில் எப்படிப் படும்?

விளக்கம் சொல்லி மாமாவை ஜெயிக்க முடியாது. கயிறு கேட்டேன். பழம் உதிராமல் கிளைகளைச் சேர்த்துப் பிடித்து, பையன் அவற்றைப் பின்னால் இழுத்துச் சில்வர் ஓக்கில் கட்டினான். இஸ்திரிப் பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் 20-லேயே நின்ற கன்ட்ரோலர், தடுமாறி, பிறகு ஏறி 29-இல் போய் நின்றது.

அதன் பிறகு நடந்த வாக்குவாதம் மின்சாரத்தைப் பற்றியது இல்லை. வெட்டிவிடலாம் என்றேன். காய் பிடித்த செடியை மார்கழியில் வெட்டுவதா என்று அத்தை சண்டைக்கு வந்தார். ஸ்டாண்டை உயர்த்தலாம் என்றேன். வெல்டரையும் ஜெனரேட்டரையும் ஜீப்பில் ஏற்றிவரும் செலவைக் கேட்டு மாமா வாயை மூடிக்கொண்டார். கடைசியில் பழம் எடுத்து முடியும்வரை கயிறு, அதற்குப் பிறகு கவாத்து என்று முடிவானது. அத்தை வைத்த நிபந்தனை ஒன்று: மதியத்தில் இஸ்திரிப் பெட்டி கீழேயே இருக்கும். மோட்டாரையும் இனிமேல் விடியற்காலையில் போடாமல் பதினோரு மணிக்குப் போடுவது என்று மாமா ஒப்புக்கொண்டார். அதுவரைக்கும் வெயில் நிறைந்து வழிந்த நேரத்தில் வீட்டில் எதையும் ஓடவிடாமல், பேட்டரி இறங்கிக் கிடந்த அதிகாலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கேட்டால் அந்த வீட்டில் நடந்த உண்மையான களவு அதுதான்.

இரண்டு பக்கமும் சமமாகிவிட்டதா என்றால், இல்லை. ஆகவும் ஆகாது. அந்தச் சரிவில் காலை வெயில் பளிச்சென்று இருக்கும். மதியத்துக்கு மேல் கீழே கணவாயிலிருந்து மஞ்சு ஏறிவந்து மூடிக்கொள்ளும். கிழக்கே பார்த்த கூரைக்கு அது ஒரு சலுகை. தவிர, அந்த மலை இருப்பது பூமத்திய ரேகையிலிருந்து பத்து பாகைக்குச் சற்று வடக்கே. சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி முற்பாதிவரை உச்சிச் சூரியன் நம் தலைக்கு வடக்கே போகிறது. தெற்கே பார்த்து நிற்கும் பேனல் அப்போது சூரியனுக்கு முதுகைக் கொஞ்சம் காட்டிக்கொண்டுதான் நிற்கும். புறப்படும்போது இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். லெட்ஜரில் மூன்றாவதாக ஒரு கட்டம் கோடு போட்டு, தலைப்பில் 'காரணம்' என்று எழுதிக்கொண்டார்.

ஆனி மாதம் போன் வந்தது. களம் மறுபடி கொஞ்சம் பின்தங்குகிறது என்றார். நான் வாயெடுப்பதற்குள், "தெரியும்டா. மத்தியானத்துல கொடிக்கம்பத்து நெழல் தெக்கால விழுது. எழுதிட்டேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். முந்தின ராத்திரி காட்டுமாடு ஒன்று ஸ்டாண்டில் முதுகைச் சொறிந்துவிட்டுப் போயிருக்கிறது. ஸ்டாண்ட் லேசாக மேற்கே சாய்ந்துவிட்டது. கண்ணாடி உடையவில்லை.

"நிமித்தி வச்சிரட்டுமா மாப்ள, இல்ல ஒரு மாசம் அப்படியே விட்டு எழுதிப் பாக்கட்டுமா?"